பி.பிளான் முடித்து சேலத்தில் எட்டு மாதம். மென்டர் தருகிறோம் என்று சென்னையில் கூப்பிடுகிறார்கள், போகலாமா?

குகை தறிவீடு:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஊர் சேலம், குகை. விஜயவாடா எஸ்.பி.ஏ. கல்லூரியில் நான்கு வருடம் பி.பிளான், அதாவது நகரத் திட்டமிடல், படித்துவிட்டுப் போன வருடம் ஊர் திரும்பினேன். எங்கள் தெருவில் பாதிப் பேர் நான் இன்ஜினியருக்குப் படித்ததாக நினைக்கிறார்கள், மீதிப் பேர் வாசல் கதவு எந்தத் திசையில் வைக்கலாம் என்று கேட்கிறார்கள்.

ஐந்து ரோடு பக்கம் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை. புலப்படத்தை, அதாவது ஒரு சர்வே எண்ணின் அளவு வரைபடத்தை, ஆட்டோகேட் மென்பொருளில் ஏற்றுவது, அதன் மேல் மனை வெட்டுவது, ரோடு விடுவது, திறந்தவெளிக்கு விட வேண்டிய 10 சதவீதத்தை எந்த மூலையில் ஒதுக்கினால் மனை கெடாது என்று பார்ப்பது. இது போக, 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் விற்ற அனுமதியில்லாத மனைகளை வரன்முறைப்படுத்தும் பழைய ஃபைல்கள். திட்டமிடல் என்று படித்தது ஒன்று, செய்வது ஒன்று. அதைக்கூடக் குறையாகச் சொல்லவில்லை, எல்லாரும் இப்படித்தான் தொடங்கியிருப்பார்கள்.

கஷ்டம் என்னவென்றால் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. மூன்று மாதத்துக்கு முன் ஒரு லேஅவுட் போட்டேன். கிழக்குப் பக்கம் 30 அடி ரோட்டை எல்லை வரைக்கும் இழுத்து, அந்தப் பக்கம் இருக்கும் பஞ்சாயத்து ரோட்டில் சேர்த்தேன். ஃபைல் திரும்பி வந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவில் ஓடைப் புறம்போக்கு. எனக்குக் கொடுத்த புலப்படம் ஒரு சர்வே எண்ணுக்கு மட்டும்தான், ஓடை இருந்தது பக்கத்து எண்ணில். ஓனர் எல்லார் முன்னாலும் கத்தினார், வேலை கொடுத்த கட்சிக்காரர் முன்னாலும். சரி, தப்பு தப்புதான். ஆனால் எப்படிப் பார்த்திருக்க வேண்டும் என்று அன்றைக்கும் யாரும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லவில்லை. சைட்டுக்கு நானும் வருகிறேன் என்று கேட்டால் "பொம்பளப்புள்ள எதுக்கும்மா வெயில்ல" என்று முடித்துவிடுவார்.

இப்போது சென்னையில் ஒரு கன்சல்டன்சியில் 'கிராஜுவேட் பிளானர்' என்று இரண்டு வருட வேலை கிடைத்திருக்கிறது. ஜி.ஐ.எஸ். என்ற கணினி வரைபட முறையை வைத்து ஒரு நகரத்துக்கு முழுமைத் திட்டம் தயாரிக்கும் குழு. ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுக்க ஒரு மென்டர், மாதம் ஒரு முறை சந்திப்பு என்று கடிதத்திலேயே போட்டிருக்கிறார்கள். சம்பளம் 28,000. இங்கே 16,000, ஆனால் சாப்பாடு வீட்டில். அம்மா வேண்டாம் என்கிறார். அப்பா தறியை நிறுத்தாமலேயே "போய்ட்டு வா" என்றார், அவ்வளவுதான் அவர் பேச்சு.

கேள்வி இதுதான். இந்த மென்டர் என்பதெல்லாம் உண்மையில் நடக்குமா, இல்லை சேர்ப்பதற்காகச் சொல்லும் வார்த்தையா? யாராவது அப்படி ஒருவர் கீழ் வேலை பார்த்திருக்கிறீர்களா? மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அஸ்தம்பட்டி ரவுண்டானா:

எத்தனை மென்டர் வைத்தாலும் கடைசியில் ஃபைலில் கையெழுத்துப் போடுவது அரசாங்க நாற்காலியில் இருப்பவர்தான். டி.என்.பி.எஸ்.சி.யில் நகர் ஊரமைப்புத் துறைக்கு உதவி இயக்குநர், திட்ட உதவியாளர் என்று அறிவிப்பு வரும். அதற்குப் படி. எப்போது வரும் என்று கேட்காதே, வரும்போதுதான் வரும், நான் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

சிவப்பு மை:

ரவுண்டானா தம்பி சொல்வது தப்பில்லை, ஆனால் பரீட்சை எழுதி உள்ளே போனாலும் முதல் இரண்டு வருடம் யாரோ ஒருவர் பின்னால் நடந்துதான் ஆக வேண்டும். அந்தப் பொண்ணு கேட்பது அதைத்தான்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. வந்தபோது கணினி கிடையாது, டிரேசிங் ஷீட்டும் ரோட்ரிங் பேனாவும்தான், அமோனியா பிரிண்ட் வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது. சேலத்தில் நில உபயோகக் கணக்கெடுப்புக்கு என்னை ஒரு பெரியவரோடு அனுப்பினார்கள். வரைபடத்தில் கலர் விதி உனக்குத் தெரியும், வீடு மஞ்சள், கடை நீலம், தொழில் ஊதா, பொது உபயோகம் சிவப்பு. அம்மாபேட்டையில் ஒரு சந்து. ஒரு வீட்டு முன்னால் நின்றார். முன்கட்டில் குழித்தறி, பின்னால் அடுப்படி, திண்ணையில் ஒரு பாட்டி இட்லி விற்கிறார். "என்ன கலர்?" என்றார். மஞ்சள் என்றேன். "தறிச் சத்தம் காதுல விழலையா?" சரி, ஊதா என்று பென்சிலை மாற்றினேன். "அப்ப இவங்க ராத்திரி எங்க படுப்பாங்க?" பேசாமல் நின்றேன். அவரும் பதில் சொல்லவில்லை, அந்தப் பாட்டியிடம் நாலு இட்லி வாங்கிக்கொண்டு திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சாப்பிட்டு முடித்த பிறகுதான் சொன்னார். மஞ்சள் போட்டால் பிறகு ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரன் சத்தம் என்று மனு கொடுக்கும்போது இந்தத் தறி வரைபடத்திலேயே இருக்காது. தெரு முழுக்க ஊதா போட்டால் வீடு கட்ட வருபவன் அலைவான். அதனால் மஞ்சளைப் போடு, ஓரத்தில் 'வீட்டோடு தறி' என்று எழுது, எத்தனை வீடு என்று எண்ணு. குடியிருப்புப் பகுதியில் குடிசைத் தொழிலுக்கு விதியில் இடம் உண்டு, விசைத்தறி என்றால் மோட்டாரின் குதிரைத்திறன் கணக்கு வந்துவிடும், அதனால் கைத்தறியா விசைத்தறியா என்பதையும் குறி. அன்று சாயங்காலம் வரை எண்ணினோம். வெளியில் இருந்து வந்த எனக்கு அது பாடம். குகையில் தறி வீட்டில் பிறந்த உனக்கு அது தெரிந்த விஷயம், ஆனால் உன் ஆட்டோகேடில் அதற்கு லேயர் இருக்கிறதா என்று பார்.

இப்போது உன் ஓடை. பாதித் தப்பு உன் மேல்தான், சொல்லிவிடுகிறேன். புலப்படம் எப்போதும் ஒரு சர்வே எண்ணைத்தான் காட்டும், ஆனால் அதன் ஓரங்களில் பக்கத்து எண்கள் எழுதியிருக்கும். எந்த வேலையை எடுத்தாலும் முதலில் கிராம வரைபடம். அதில் உன் எண்ணைச் சுற்றி வட்டம் போடு. சுற்றியுள்ள எண்களை ஒவ்வொன்றாக 'அ' பதிவேட்டில், அதாவது எந்த எண் என்ன வகை நிலம் என்ற வருவாய்த் துறைக் கணக்கில், பார், அரசின் பட்டா சிட்டா இணையதளத்திலேயே சர்வே எண் போட்டால் வரும். புறம்போக்கு என்று வந்தால் என்ன புறம்போக்கு என்று பார்: ஓடையா, வண்டிப்பாதையா, மயானமா. அப்புறம்தான் கோடு. இதற்கு ஒரு மணி நேரம் ஆகும். மீதிப் பாதித் தப்பு, ஒரே ஒரு புலப்படத்தைக் கையில் கொடுத்து ரோடு போடச் சொன்னவர் மேல்.

சென்னைக்காரர்களிடம் போன் போட்டுக் கேள். மென்டர் யார், பேர் என்ன, அவர் கீழ் எத்தனை பேர். அதைவிட முக்கியம், உன் இன்கிரிமென்டை முடிவு செய்பவரும் அவரேதானா. ஆமாம் என்றால் அது மென்டர் இல்லை, மேனேஜர். சம்பளம் போடுபவரிடம் "எனக்கு இது புரியவில்லை சார்" என்று எவரும் சொல்ல மாட்டார்கள். உன் ஓனரிடம் நீ சொன்னாயா? இல்லையே.

மென்டர் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் படிக்க வேண்டியது இரண்டு. 1971-ஆம் வருடத்து நகர் ஊரமைப்புச் சட்டம், 2019-ல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், அதற்கு வந்த திருத்தங்களோடு. கதைப் புத்தகம் மாதிரி படிக்க முடியாது, தினம் ஒரு விதி, அன்றைக்குக் கையில் இருக்கும் ஃபைலோடு சேர்த்துப் படி.

ஆத்தூர் டு லீட்ஸ்:

அந்த இன்கிரிமென்ட் வரியைப் படித்ததும் எழுத வந்தேன். நான் ஆத்தூர்க்காரி, இங்கிலாந்தில் ஒரு கவுன்சிலில் பிளானர். இங்கே தொழிலுக்கென்று 1914-ல் தொடங்கிய நிறுவனம் இருக்கிறது, ஆர்.டி.பி.ஐ. படித்து முடித்ததும் முழு உறுப்பினர் ஆகிவிட முடியாது. நான் சேர்ந்த சமயத்தில், வேலை பார்த்துக்கொண்டே குறிப்பேடு வைத்து, இரண்டு வருட அனுபவம் சேர்த்து, செய்த வேலையைப் பற்றியும் அதில் நான் எடுத்த முடிவுகளைப் பற்றியும் எழுதி அனுப்பி, அதை மதிப்பிடுபவர்கள் ஒப்புக்கொண்ட பிறகுதான். அந்த இரண்டு வருடத்துக்கு ஒரு மென்டர் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள்.

என் மென்டர் என் மேனேஜர் இல்லை, வேறு பிரிவில் இருந்த ஐம்பது வயது அம்மா. முதல் சந்திப்புக்கு நான் வெறும் கையோடு போனேன். நம் ஊர்ப் பழக்கம், பெரியவர்கள் சொல்வார்கள் நாம் கேட்டுக்கொள்ளலாம் என்று. பத்து நிமிடத்தில் டீயைக் குடித்துவிட்டு "அடுத்த முறை என்ன கேட்கப் போகிறாய் என்று எழுதிக்கொண்டு வா" என்று எழுந்து போய்விட்டார். கோபம்தான் வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு போவேன், எங்கே திணறினேன் என்று ஒரு பக்கம் எழுதியிருப்பேன். அவர் அந்தப் பக்கத்தை மட்டும்தான் படிப்பார்.

முதல் தடவை நான் அனுப்பியது தேறவில்லை. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். முழுக்க 'நாங்கள் செய்தோம்', 'எங்கள் குழு முடிவெடுத்தது'. நான் செய்தேன் என்று எழுதவே கை கூசியது, தற்பெருமை மாதிரி. மென்டர் என் பிரதியில் 'நாங்கள்' வந்த இடத்தையெல்லாம் சுழித்து, பக்கத்தில் "யார்?" என்று கேட்டிருந்தார். எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொன்று. ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதிய பிறகுதான் எதில் என் வேலை இருந்தது, எதில் சும்மா கூட நின்றேன் என்று எனக்கே தெரிந்தது.

அதனால் நீ சென்னை போகிறாயோ இல்லையோ, இன்றைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கு. தேதி, என்ன ஃபைல், நீ என்ன முடிவெடுத்தாய், ஏன். ஓடைக் கதைதான் முதல் பக்கம். நம் ஊரில் 1951-ல் தொடங்கிய நகரத் திட்டமிடுநர்கள் அமைப்பு, ஐ.டி.பி.ஐ., இருக்கிறது, உறுப்பினராக விண்ணப்பிக்கும் வழியைப் பார்த்து வை. ஆனால் சேர்ந்ததும் யாரும் வந்து கையைப் பிடித்து நடத்த மாட்டார்கள், கூட்டத்துக்குப் போய், முடிந்த பிறகு டீ குடிக்கும் இடத்தில் நிற்க வேண்டும். அங்கேதான் ஆள் கிடைப்பார்கள்.

என்னைக் கேட்டால் சென்னை போ. கத்துகிற இடத்தில் எட்டு மாதம் போதும்.

இருபதாவது கொண்டை ஊசி:

லீட்ஸ் அக்கா சொல்வதில் மற்றதெல்லாம் சரி, கடைசி வரி மட்டும் எனக்கு ஒப்பவில்லை. போகக் கூடாது என்று சொல்லவில்லை. சென்னையில் உட்கார்ந்து ஜி.ஐ.எஸ்.ஸில் இன்னொரு ஊரைப் பார்ப்பதும், இங்கே ஐந்து ரோட்டில் உட்கார்ந்து புலப்படத்தைப் பார்ப்பதும் ஒரே வேலைதான், திரை மட்டும் பெரிசு. சைட்டுக்கு அனுப்புவார்களா என்று கேள், மென்டரைவிட அது முக்கியம்.

நான் ஏற்காட்டுக்காரன், வரைபட வேலைதான் செய்கிறேன். இங்கே மேலே ஹாகா என்று ஒன்று இருக்கிறது, மலையிடப் பாதுகாப்புக் குழுமம், 1990-லிருந்து. கீழே போல மனை வெட்டிவிட முடியாது, வனத்துறை, கனிமவளத் துறை, வேளாண் பொறியியல் துறை எல்லாம் பார்த்துத் தடையின்மைச் சான்று தர வேண்டும். இந்த விதி எதற்கு, வீடு கட்டவே விடாமல் இழுக்கிறார்கள் என்று நானும் திட்டியிருக்கிறேன். 2024-ல் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தபோது கொஞ்சம் வாயை மூடிக்கொண்டேன்.

அதற்கும் முன்னால் ஒரு தோட்டத்தில் சரிவு வரைபடம் எடுக்கப் போனேன். காபி, நடுவில் சில்வர் ஓக், மரத்தில் மிளகுக் கொடி. கையில் செயற்கைக்கோள் படத்திலிருந்து எடுத்த சமஉயரக் கோடு இருக்கிறது, மழைத் தண்ணீர் தெற்கே ஓடும் என்று கோடு சொல்கிறது. தோட்டத்து மேஸ்திரி பீடியைப் பற்றவைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். "தண்ணி அங்க போகாது சாமி" என்றார். பத்தடி நடந்து காலால் சருகைத் தள்ளினார், கீழே கல் அடுக்கிய பழைய வாய்க்கால், ஒன்றரை அடி அகலம், சரிவுக்குக் குறுக்காகப் போய்ப் பக்கத்துத் தோட்டத்துக் குட்டையில் விழுகிறது. என் படத்தில் அது வரவே வராது, மரத்துக்கு அடியில் இருக்கிறது. அந்த இடத்தில்தான் ரிசார்ட்டுக்கு ரோடு போட்டிருந்தார்கள், வரைபடத்தில்.

அந்த மேஸ்திரிக்குப் பிளானிங் என்ற வார்த்தை தெரியாது. மென்டர் என்றால் அவரையும் சேர்த்துக்கொள். ஒருநாள் மேலே வந்தால் காட்டுகிறேன், மே மாதம் மட்டும் வேண்டாம், கோடை விழாக் கூட்டத்தில் வண்டி நகராது.

குகை தறிவீடு:

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை.

சிவப்பு மை சார் சொன்னபடி போன் போட்டேன். மென்டர் பேர் சேர்ந்த பிறகு சொல்வோம் என்றார்கள், விடாமல் கேட்டதும் சொன்னார்கள். குழுத் தலைவரேதான். இன்கிரிமென்டும் அவரே. அவர் கீழ் ஏழு பேர். வேறு குழுவில் யாரையாவது மென்டராகப் போட முடியுமா என்று கேட்டேன், இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை, பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். சைட்டுக்கு அனுப்புவார்களா என்றதற்கு உடனே ஆமாம் என்றார்கள், கணக்கெடுப்பு மூன்று மாதமாம், வெயில் தாங்குமா என்று அவர்கள் கேட்கவில்லை. மனசு பாதி அங்கே போய்விட்டது.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை அந்த ஓடையைப் பார்க்கப் போனேன். பஸ் இல்லை, அப்பா டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் கூட்டிக்கொண்டு போனார். கிராம வரைபடம் பிரிண்ட் எடுத்துக்கொண்டேன். தண்ணீர் இல்லை, சீமைக்கருவேல்தான். ஆனால் ஓடை என்பது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை, ஆள் உயரத்துக்கு இறங்குகிறது, பஞ்சாயத்து ரோட்டில் அதற்குச் சிறுபாலம்கூடக் கட்டியிருக்கிறார்கள். நான் போட்ட 30 அடி ரோடு நேராக அந்தப் பள்ளத்தில் இறங்குகிறது. அப்பா பாலத்துச் சுவரில் உட்கார்ந்து பிரிண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத வந்து பாக்காமயா போட்ட?" என்றார். ஓனர் கத்தியபோதுகூட இவ்வளவு வெட்கமாக இல்லை.

நோட்டு வாங்கிவிட்டேன். முதல் பக்கம் எழுதியாயிற்று, 'நான்' என்றே எழுதினேன். ரோட்டைத் தெற்குப் பக்கமாகத் திருப்பி லேஅவுட்டை மறுபடி போட்டிருக்கிறேன், அதில் மூன்று மனை குறைகிறது, ஓனர் என்ன சொல்வாரோ தெரியாது. சிவப்பு மை சார், கட்சிக்காரர் பேர், சர்வே எண் எல்லாம் எடுத்துவிட்டு உங்களுக்கு அனுப்பினால் ஒருமுறை பார்ப்பீர்களா?

அஸ்தம்பட்டி ரவுண்டானா:

மூன்று மனையா. இங்கே விலைக்கு ஓனர் மயங்கி விழுவார். நோட்டில் அதையும் எழுது.

சிவப்பு மை:

அனுப்பும்மா. கிராம வரைபடமும் சேர்த்து அனுப்பு. திரையில் என்னால் பார்க்க முடியாது, ஏ3-இல் பிரிண்ட் எடுத்துத் தபாலில் போடு. ஓரத்தில் நிறைய வெள்ளை விடு.